இடது பக்கத்து அறை

ஓபர்ன்செல்,
ஜூலை 9, வியாழன்

அன்புள்ள மார்லிஸுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், ஆறு நலம், தோட்டத்தில் ரிபிசல் பழம் இந்த வருஷம் சிவப்பு மணிகளாகக் கிளை ஒடியக் காய்த்திருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளை டூகலும் உங்கள் செர்ரி மரங்களும் நலமாயிருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். அப்பாவும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உட்கார்ந்துகொண்டு படி. அப்பாவுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. வலது கண்ணில் நடுப்பார்வை போயே விட்டது, இடது கண்ணிலும் தொடங்கிவிட்டது. பாஸாவில் டாக்டர் மாதம் ஒரு ஊசி போடுகிறார், அது வேகத்தைக் குறைக்குமாம், நிறுத்தாதாம். இதை உனக்குச் சொல்லக் கூடாது என்று அப்பா என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறார். போனில் சொல்லலாம் என்றால் அவர் காதுக்கு இன்னும் இருபது வயது, கொல்லையில் நின்றாலும் கேட்டுவிடும். கடிதம் என்றால் அவரால் படிக்க முடியாது. இப்போது எதிரில் உட்கார்ந்து ரிபிசல் பழத்தைக் காம்பிலிருந்து விரலால் தடவித் தடவி உதிர்த்துக்கொண்டிருக்கிறார். யாருக்கு எழுதுகிறாய் என்றார், மார்லிஸுக்குக் கப்பல் விவரம் என்றேன். அதுவும் பொய்யில்லை.

நீ கேட்ட கப்பல் விவரத்துக்கே வருகிறேன். அடுத்த மே மாதம் அப்பாவுக்கு எழுபத்தைந்து முடிகிறது, நாலு பேருமாக ஒரு வாரம் டானூப்பில் போகலாம், எந்தக் கப்பல் நல்லது, என்ன எதிர்பார்க்கலாம் என்று கேட்டிருந்தாய். முப்பத்தொரு வருஷம் அப்பா சுக்கான் பிடித்தார், பதினெட்டு வருஷம் நான் அறைகளில் படுக்கை விரித்தேன், எங்களைக் கேட்காமல் விளம்பரப் படத்தைப் பார்த்து நீ முடிவு செய்திருந்தால்தான் எனக்குக் கோபம் வந்திருக்கும். நீ அனுப்பிய மூன்றில் அந்தப் பெரிய வெள்ளைக் கப்பலை விட்டுவிடு. மேல்தளத்தில் நீச்சல் குளம் என்று போட்டிருக்கிறான், நம் துணி துவைக்கும் தொட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். பாலம் தாழ்வாக இருக்கும் இடமெல்லாம் மேல்தளத்தைப் பூட்டிக் கம்பிகளை மடக்கிவிடுவார்கள், அதை நம்பி ஒரு கப்பலைப் பிடிக்காதே. பால்கனியையும் நம்பாதே. ஊர்த்துறைகளில் இடம் கிடையாது, ஒன்றோடொன்று ஒட்டி மூன்று கப்பல் கட்டுவார்கள், நீ திரையை விலக்கினால் ஆறு இருக்காது, அடுத்த கப்பலில் ஒரு கிழவர் பைஜாமாவோடு பல் தேய்த்துக்கொண்டிருப்பார். கரையில் இறங்க வேண்டும் என்றால் அந்தக் கப்பலுக்குள் நுழைந்துதான் போக வேண்டும், அதனால் காலையில் கோலம் கெட்டு வெளியே வராதே. அறை எடுத்தால் நடுத்தளம், அதிலும் கப்பலின் நடுவாக. பின்பக்கம் கட்டிலுக்கடியில் எஞ்சின் உறுமும், முன்பக்கம் ஒவ்வொரு துறையிலும் ஒதுங்கும்போது பாத்திரம் உருட்டுகிற மாதிரி கடகடக்கும். கீழ்த்தளத்து ஜன்னல் தண்ணீர் மட்டத்தில் இருக்கும், காலையில் அன்னம் எட்டிப் பார்க்கும், அது அழகுதான், ஆனால் ஜன்னல் திறக்காது, டூகல் உயரத்துக்கு அங்கே மூச்சு முட்டும்.

கடல் கப்பல் மாதிரி குமட்டாது, அந்தப் பயம் வேண்டாம் என்று டூகலிடம் சொல். அணையைத் தாண்டுகிற தொட்டிக்குள் கப்பல் இறங்கும்போது மட்டும் ஜன்னலை ஈரச் சுவர் மூடிக்கொள்ளும், அறையே இருட்டாகிவிடும், கால்மணி நேரத்தில் வெளிச்சம் வந்துவிடும். என் காலத்தில் ஒரு அம்மாள் கப்பல் மூழ்குகிறது என்று நகைப்பெட்டியோடு நடைக்கு ஓடி வந்தாள். தண்ணீர் குறைந்தாலும் கப்பல் போகாது, கூடினாலும் போகாது, அப்போது பேருந்தில் ஏற்றி அடுத்த கப்பலில் கொண்டுபோய் விடுவார்கள். அதற்குச் சண்டை போடுகிறவர்களைப் பார்த்து, “ஆத்துகிட்ட கையெழுத்து வாங்கிட்டா வந்தீங்க” என்பார் அப்பா. பாஸாவுக்கு மேலே ஸ்ட்ராவ்பிங் பக்கம்தான் தண்ணீர் அதிகம் ஏமாற்றும், ஆகவே பாஸாவில் ஏறிக் கீழே போய்த் திரும்பி வருகிற கப்பலாகப் பார், உன் பட்டியலில் அந்தச் சின்னப் பழைய கப்பல் அப்படித்தான் போகிறது. தொண்ணூறு பேர்தான், கம்பளம் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, ஆனால் ஜன்னல் திறக்கும், சமையல்காரர் சாறு நன்றாக வைப்பார் என்று கேள்வி. இன்னொன்று, யாரும் உனக்குச் சொல்ல மாட்டார்கள். முதல் நாள் ராத்திரி சாப்பாட்டு மேசையில் எந்த நாற்காலியில் உட்காருகிறாயோ அதுதான் வாரம் முழுதும் உன் நாற்காலி. எங்கும் எழுதியிருக்காது, ஆனால் மறுநாள் மாறி உட்கார்ந்து பார், மேசையே முறைக்கும். ஆழம் தெரியாமல் காலை விட்ட மாதிரி ஆகிவிடும், ஆகவே முதல் நாளே யோசித்து உட்கார வேண்டும்.

இப்போது நான் பண்ணிய கூத்தைக் கேள். போன மாதம் பாஸாவில் பயண ஏற்பாடு செய்கிற கடைக்குப் போய், அந்தச் சின்னக் கப்பலில் மே மாதத்துக்கு இரண்டு அறை, இடது பக்கமாக, என்று சொல்லிவிட்டு வந்தேன். நம் வீட்டில் இடது என்றால் என்ன? ஆறு ஓடும் திசையைப் பார்த்து நின்றால் வருகிற இடது கரை. கப்பல் மேலே போனாலும் கீழே போனாலும் அது மாறாது. நீகூட முதல் வகுப்பில் இடது கையைத் தூக்கச் சொன்னால் ஜன்னல் வழியாக ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டுத் தூக்கி, டீச்சரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள்தானே. கடையில் இருந்த பெண்ணுக்கு இதெல்லாம் தெரியுமா, கப்பலின் மூக்கைப் பார்த்து நின்றால் வருகிற இடது பக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து அந்தத் தாளை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவேயில்லை. “அடி இவளே, பதினெட்டு வருஷம் கப்பல்ல குப்பை கொட்டிட்டு இப்படிப் பண்ணிட்டியே. அந்தக் கப்பல், மலையும் கோட்டையுமா இருக்கிற வாஹாவ் பள்ளத்தாக்குல கீழ இறங்குறது ராத்திரியில, பகல்ல பார்க்கிறது திரும்பி மேல வரும்போதுதான். மேல வந்தா அந்த அறையில உனக்கு வலது கரைதான் தெரியும்” என்றார். பிறகு, “அது சரி, இடது கரைதான் வேணும்னு உனக்கு என்ன பிடிவாதம்” என்று கேட்டார். நானும் சிரித்துக்கொண்டே, “அது வடக்குக் கரை, அதைப் பார்த்து உட்கார்ந்தா வெயில் முதுகுப் பக்கம் போயிடும், கண்ணு கூசாது” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. “யார் கண்ணு” என்றார். “உங்க கண்ணுதான்” என்றேன். என்னிடமும் அவர் அதுவரை சொல்லவில்லை, தெரியுமா? மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பழைய படகுக்காரர்களோடு சீட்டாடப் போகிறேன் என்று சொல்லி ஊசி போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். மார்ச் மாதம் கோட்டுப் பையில் டாக்டர் சீட்டு அகப்பட்டது, நானும் வாயைத் திறக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து அவர் பரிமாறினார், நானும் தெரியாதவள் மாதிரி சாப்பிட்டேன்.

அன்று இரண்டு பேரும் கொஞ்சம் அழுதோம். பிறகுதான் வாக்குக் கேட்டார். “மார்லிஸுக்கு மட்டும் எழுதாத. பாவம் பார்த்து ஒரு பொண்ணு பாதி உலகத்தைச் சுத்தி வர வேணாம். ஆசைப்பட்டு மே மாசம் வர்றேங்கிறா, அப்படியே வரட்டும்” என்றார். மே மாசம் வந்தா நீங்க அவ முகத்தைப் பார்ப்பீங்களா என்று கேட்டேன். “குரலைக் கேட்டா போதும்” என்றார். போதாது கண்ணு. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இந்த நோய் எப்படியென்றால், ஓரத்தில் இருப்பது தெரியும், நேரே இருப்பது தெரியாது. கரை தெரிகிறது, கோபுரம் தெரிகிறது, நேர் எதிரே இருக்கிற ஆளின் முகத்தில் மட்டும் சாம்பல் அப்பினாற்போல இருக்கிறதாம். போன ஞாயிறு வீடியோவில் உன்னைப் பார்த்து நீலச் சட்டை நன்றாயிருக்கிறது என்றார், அப்பாவுக்குக் கிண்டல் போகவில்லை என்று நீ சிரித்தாய். நீ அன்று சிவப்புதான் போட்டிருந்தாய், அவர் கிண்டல் செய்யவில்லை. இடது கண்ணில் இன்னும் மிச்சம் இருக்கிறது, கிட்டத்தில் இருந்தால், கொஞ்சம் பக்கவாட்டில் இருந்தால், முகம் தெரிகிறது. அது மே மாதம் வரை நிற்கும் என்று டாக்டர் சொல்லவில்லை, நிற்காது என்றும் சொல்லவில்லை. பார்க்க வேண்டியது இருந்தால் இந்த வருஷமே பார்த்துவிடச் சொல்லுங்கள் என்று மட்டும் என்னிடம் சொன்னார். நீ வந்துபோய் ஆறு வருஷம் ஆகிறது, அந்தப் பழைய முகம்தான் அவரிடம் இருக்கிறது.

அதனால் மே வேண்டாம், அக்டோபரில் வா. மறுபடியும் கடைக்குப் போய், அதே கப்பலில் அக்டோபர் பத்தாம் தேதிக்கு மாற்றிவிட்டேன், இந்த முறை கப்பலின் வலது பக்கம் என்று சொல்லிக் கையாலும் காட்டினேன். ஆகஸ்ட் பதினைந்து வரை அறைகளைப் பிடித்து வைப்பதாக அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். அக்டோபரில் பூமியின் அந்தத் தெற்குக் கோடியில் உங்களுக்கு வசந்தம், செர்ரி பூத்து நிற்கும், ஒரு ராத்திரிப் பனி விழுந்தால் வருஷத்து உழைப்பே போய்விடும், அதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. மே மாதம் அறுவடையெல்லாம் முடிந்த நேரம் என்றுதான் நீ தேர்ந்தெடுத்தாய், நியாயம்தான். டூகல் வர முடியாவிட்டால் நீ தனியாக வா, மாப்பிள்ளையிடம் மாமியார் மன்னிப்புக் கேட்டாள் என்று சொல். மரம் அடுத்த வருஷமும் பூக்கும் என்று எழுதுவது எனக்குச் சுலபம், பனியில் நிற்பது நீங்கள்தான், அதனால் அதை எழுதவில்லை. உன் நிலைமை தெரிந்துதான் கேட்கிறேன். முடியாது என்று நீ எழுதினாலும் உன்மேல் எனக்கு வருத்தம் வராது, அப்பாவுக்குத் தெரியவும் தெரியாது.

இவ்வளவும் எழுதி முடித்ததும் அப்பா படித்துக் காட்டச் சொன்னார். நீச்சல் குளம், பைஜாமாக் கிழவர், நகைப்பெட்டி அம்மாள், நாற்காலி, எல்லாம் படித்தேன், கண் வருகிற இடமெல்லாம் தாண்டித் தாண்டிப் படித்தேன். கேட்டுவிட்டுப் பழக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். “நீ எழுதும்போது காகிதம் அஞ்சு தடவ புரண்டுச்சு. படிக்கும்போது ரெண்டு தடவதான் புரண்டுச்சு” என்றார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. கிண்ணத்தை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டு, “எப்ப வரச் சொல்லி எழுதியிருக்க” என்று கேட்டார். அக்டோபர் என்றேன். “அக்டோபர்ல அவளுக்குப் பூ நேரமாச்சே” என்றார். பிறகு, இன்னும் இடம் இருக்கிறதா, ஒரு விஷயம் சேர்க்க வேண்டும் என்றார். அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல், உங்கள் மரங்கள் பனிக்குத் தப்பி, நீண்ட காலம் நன்றாயிருக்க வேண்டும். வரும்போது ரப்பர் அடி வைத்த செருப்புக் கொண்டுவா, கப்பல் தளம் காலையில் வழுக்கும். அப்பா சேர்க்கச் சொன்னது இதுதான், அவர் வாயில் வந்தபடியே எழுதுகிறேன். “முதல் நாள் சாப்பாட்டுல அவள என் எதிர்ல உட்கார வேணாம்னு சொல்லு. இடது பக்கம், கைக்குக் கிட்ட உட்காரட்டும். எந்த இடதுன்னு தெளிவா எழுது, மறுபடி கோட்டை விட்டுடாத. கப்பலோட இடது இல்ல, ஆத்தோட இடது இல்ல. என்னோட இடது.”

ஆசிகளுடன்,
உன் அம்மா
இர்ம்கார்ட்

கீழே கோட்டை விட்டுச் சரிந்து ஓடுகிறதே, அது அப்பாவின் கையெழுத்து. நான் கையைப் பிடிக்கவில்லை, அவரே போட்டார்.