லாரிக்கும் பாப்பாவுக்கும் நடுவே மூன்று விநாடி

என் சண்டைக்காரிக்கு,

இன்று காலை ஸ்கூல் யூனிஃபார்ம் ஒன்றுக்குச் சாம்பல் நிற நூல் தேடி டப்பாவைக் கொட்டினேன். அடியில் கிடந்தது அந்த வெள்ளி நிற நூல்கண்டு. மின்சாரம் ஓடும் நூல். முனையில் நீ போட்ட முடிச்சு இன்னும் அப்படியே இருக்கிறது. தையல் மெஷினை நிறுத்திவிட்டுத் தனியாகச் சிரித்தேன். பிளவுஸ் வாங்க வந்தவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

ராயபுரம் மாதா கோயில் ஹாலில் பெண்களுக்கு இலவசக் கம்ப்யூட்டர் வகுப்பு என்று நீதானே என்னை இழுத்துப் போனாய்? துணியோடு சேர்த்துத் தைக்கிற சின்ன எலெக்ட்ரானிக் போர்டு. அது என்ன செய்ய வேண்டும் என்பதைத் திரையில் கலர் கலர் கட்டங்களை ஒன்றோடொன்று பொருத்திச் சொல்ல வேண்டும். டைப் அடிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்றார் டீச்சர். உனக்கு அது போதுமாக இருந்தது. நடுவில் இடம் விட்டு 'எப்போதும்' என்று எழுதியிருந்த கட்டத்தைப் பார்த்ததும், "தோ பாருடி, வாயத் தொறந்துகினு கீது. எத்தயாவது உள்ள போடு" என்றாய். ஹாலே சிரித்தது.

ஆனால் உனக்கு அது விளையாட்டு இல்லை என்று எனக்குத் தெரியும். உன் மகள் ஸ்டெல்லாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கைக்குழந்தையோடு எர்ணாவூரில் தன் வீட்டிலேயே இருக்க ஆசைப்பட்டாள். மருமகன் ஷிஃப்டுக்குப் போய்விட்டால் துணைக்கு ஆள் கிடையாது. "புள்ள அழுதா இவளுக்கு எப்டி தெரியும்? எங்கிட்டயே இருக்கட்டும்" என்று உன் சம்பந்தியம்மா பிடிவாதமாக நின்றார். அவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை, பயம்தான். அதனால் உன்னால் வாயைத் திறக்க முடியவில்லை. நீ சண்டை போடாமல் இருந்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

தொட்டிலில் ஒரு போர்டு, ஸ்டெல்லாவின் மணிக்கட்டில் பட்டையாக இன்னொன்று. அழுகை கேட்டால் அது இதற்குச் சொல்லும், இது அதிரும். பட்டையை நீயே தைத்தாய். அது அதிரவே இல்லை. டீச்சர் புரட்டிப் பார்த்தால், பிளஸ் நூலும் மைனஸ் நூலும் குறுக்கே போகிற இடத்திலெல்லாம் அழகழகாக வலை முடிச்சு! காசிமேட்டில் வலை கட்டிய கை சும்மா இருக்குமா?

"ரெண்டு நூலு ஒண்ணா வந்தா முடிச்சு போடணும். இல்லாங்காட்டி மீனு பூடும்" என்று எரிந்து விழுந்தாய்.

"இங்க முடிச்சு போட்டா கரண்டு பூடும்டி" என்று ஊசியைப் பிடுங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு தையல் எனக்கு, கட்டங்கள் உனக்கு.

எர்ணாவூரில் கட்டிப் பார்த்தபோது அடுத்த வம்பு. கண்டெய்னர் லாரி ஹாரன் அடிக்கும்போதெல்லாம் பட்டை அதிர்ந்தது. தொட்டிலுக்கு ஓடி ஓடி ஸ்டெல்லா களைத்துப்போனாள். பட்டையைக் கழற்றிக் கட்டிலில் வீசிவிட்டு அழுதாள். "பேஜாரா கீது, இத்தோட வுட்று" என்று நானே சொன்னேன். நீ வாசலில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"லாரி போயிடும். புள்ள எங்க போவும்?"

அடுத்த வகுப்பில் 'காத்திரு' கட்டத்தைத் தேடிப் பிடித்தாய். சத்தம் கேட்டால் மூன்று விநாடி காத்திரு. அப்போதும் சத்தம் இருந்தால் மட்டும் அதிர வை. அவ்வளவுதான்.

ஒரு மத்தியானம் சம்பந்தியம்மா சோதிக்க வந்து உட்கார்ந்தார். ஸ்டெல்லா சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். லாரி ஒன்று அலறிக்கொண்டு போனது, அவள் திரும்பவில்லை. பிறகு பாப்பா வீறிட்டாள். நீ எழப் போனாய். புடவையைப் பிடித்து உட்கார வைத்தேன். மூன்று விநாடி அவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. மடியிலிருந்த வெங்காயமெல்லாம் உருண்டோட ஸ்டெல்லா ஓடி வந்தாள். நீ மூக்கைச் சிந்தினாய். கேட்டால் வெங்காயம் என்றாய். சம்பந்தியம்மா பட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு தெச்சுக் குடு. எங்கூட்டுக்காரு கூப்ட்டா எனக்கும் காதுல வுழ மாட்டேங்குது" என்றார். குழந்தையைத் தன்னிடம் விடச் சொல்லி அப்புறம் பேச்சே எடுக்கவில்லை.

போன மழைக்கு முன்னால் நீ கிளம்பிவிட்டாய். வெறும் இருமல் என்று சொல்லித்தானே ஆஸ்பத்திரிக்குப் போனாய்? திரும்பி வரவே இல்லை. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம். சண்டை போட இப்போது யார் இருக்கிறார்கள்?

பாப்பா நடக்கிறாள், ஓடுகிறாள். அழுது அம்மாவை வரவழைக்கிற பொறுமையெல்லாம் அவளுக்கு இல்லை, உன் பேத்தியாயிற்றே. நேராகப் போய் ஸ்டெல்லாவின் மணிக்கட்டை இரண்டு தட்டுத் தட்டுகிறாள். பட்டையைக் கழற்றி வைத்து வெகு நாளாகிறது.

ஞாயிற்றுக்கிழமை அவர்களைப் பார்க்கப் போயிருந்தேன். பாப்பாவுக்குத் தாகம். என்னிடம் வந்தாள். வாயைத் திறக்கவில்லை. என் மணிக்கட்டைத் தட்டிவிட்டு, முகத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பெரியவர்களை இப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று நினைத்திருக்கிறாள்.

எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.