என் வாயால் வந்த வரி

ஜூலை 6, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். ஆறு மணிக்கே மாத்திரை. வெள்ளைச் சட்டை. பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை, ஆஸ்பத்திரி உபயம்.

இன்று சபையில் என் ஸ்தோத்திர காணிக்கை. மே மாதம் மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவன் பிழைத்ததற்கு. மேல் வீட்டு ரபீக் பாயையும் கூப்பிட்டிருந்தேன். என்னைத் தூக்கித் தன் டெம்போவில், சோபா ஸ்பாஞ்சுகளுக்கு நடுவில் கிடத்தி ஆஸ்பத்திரி சேர்த்தவர். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் அவ்வளவுதான் என்றார் டாக்டர். பாய் வந்தார். இரண்டாம் வரிசை, ஓரத்தில்.

வெளியூர்ப் பிரசங்கியார். ஆங்கிலம். பக்கத்தில் நின்று தமிழில் சொல்வது வழக்கம்போல் நான். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். அவர் 'நான்' என்றால் நானும் 'நான்'. அவர் கையை ஓங்கினால் நானும். நின்று யோசித்தால் பின்தங்கிவிடுவோம். காது கேட்கும், வாய் பேசும், மூளைக்கு அங்கே வேலை கிடையாது.

நடுவில் தேர்தல், டிவி என்று எங்கேயோ போனார். என் வாயிலிருந்து வந்தது: "இஸ்லாம் அமைதி மார்க்கம், அமைதி மார்க்கம்னு தினமும் சொல்றாங்க. அவ்ளோ அமைதியா இருந்தா தினமும் ஏன்யா சொல்லணும்?"

ஆங்கிலத்துக்கு யாரும் சிரிக்கவில்லை. தமிழுக்குச் சபையே சிரித்தது. அந்த 'ஏன்யா' அவர் சொன்னதில்லை. நான் போட்டது. சிரித்தார்களே என்று ஒரு நொடி சந்தோஷம் வேறு.

அப்புறம்தான் இரண்டாம் வரிசை கண்ணில் பட்டது. பாய் முறைக்கவில்லை. மடியில் இருந்த பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்தார்.

ஆசீர்வாதம் முடியும்வரை இருந்தார். வாசலில் கை கொடுத்தார். "நல்லாப் பேசினீங்க சார்." கேக் வேண்டாம் என்றுவிட்டார்.

சே.

ஜூலை 7, திங்கள்

காற்று. கொடியில் போட்ட துண்டு அடுத்த வீட்டில்.

சபை நேரலையை யாரோ வெட்டி அனுப்பியிருக்கிறார்கள். தமிழ் சொல்கிறவன் பக்கமே கேமரா. பிரசங்கியாரின் காதுகூடத் தெரியவில்லை. என் மூஞ்சி, என் தமிழ். ஏதோ ஒரு கட்சியின் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றுகிறதாம். கீழே, "பாதிரியாரே சொல்லிட்டார்". நானா பாதிரியார்? ரிட்டயர்டு குமாஸ்தா.

மதியம் இன்னொரு கட்சியிலிருந்து போன். "சார், மத நல்லிணக்கக் கூட்டம் வெச்சிருக்கோம். மேடைல வந்து இஸ்லாம் அமைதி மார்க்கம்னு ஒரே ஒரு வரி சொல்லிடுங்க. அன்னிக்கு உங்க சபைக்கு வந்திருந்தாராமே, அந்தப் பாயையும் கூட்டிட்டு வாங்க, சால்வை போடுறோம்."

மனைவி ஸ்டெல்லா குழம்பைக் கிண்டிக்கொண்டே: "ரெண்டு பேருக்கும் உங்க வாய்தான் வேணும். உங்களுக்குன்னு ஒரு பேச்சு கிடையாதா?"

மேல் வீட்டில் நடமாடும் சத்தம். ஏறிப் போகப் பயம். படி ஏறலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், அந்தச் சாக்கும் இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

வாங்க வேண்டியவை: ஓட்ஸ், பி.பி. மாத்திரை, குடைக்குக் கம்பி.

பைபிளுக்குள், ஞாயிறன்று காணிக்கையோடு கொடுத்த நன்றிச் சீட்டின் நகல் கிடைத்தது. என் கையெழுத்து. நன்றி சொல்லியிருப்பது: கர்த்தருக்கு, டாக்டருக்கு, நர்சுகளுக்கு, ஜெபித்த சபையாருக்கு, ஸ்டெல்லாவுக்கு. பாய் பெயர் இல்லை. நாலு தரம் படித்தேன். இல்லவே இல்லை. வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 9, புதன்

வெயில். அடுகோடி போனேன், பாயின் சோபா பட்டறைக்கு. வாயில் ஆணியை வைத்துக்கொண்டு துணி இழுத்துக்கொண்டிருந்தார். ஸ்டூலைக் காலால் தள்ளினார். உட்கார்ந்தேன்.

"மன்னிச்சிருங்க பாய்."

ஆணியை எடுத்துவிட்டுச் சொன்னார்: "அந்த ஐயா சொன்னது எனக்கு ஒண்ணும் இல்ல சார். டிவில தினம் கேக்குறதுதான். ஜனங்க சிரிச்சாங்க பாருங்க, அது உங்க தமிழுக்கு. அதான் பேஜாராயிடுச்சு."

மேடை, சால்வை விஷயத்தையும் சொன்னேன்.

"அய்ய, வேணாம் சார். அவங்க கிண்டலாச் சொல்றாங்க, இவங்க ஓட்டுக்குச் சொல்றாங்க. ரெண்டுலயும் நான் எழுந்து நின்னு, ஆமாங்க நான் சாது, கடிக்க மாட்டேன்னு காட்டணும். உங்கள ஏத்திட்டுப் போனன்னிக்கு நான் அமைதியாவா இருந்தேன்? வழி விடாத பஸ்காரன என்னா திட்டு!"

"கேட்டுச்சு பாய். தமிழ்ல பாதி, உருதுல பாதி. எனக்குத்தான் ரெண்டும் புரியுமே."

சிரித்தார். நானும். சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன், பட்டறை ஆட்கள் முன்னால். சீட்டில் அவர் பெயர் விட்டுப்போனதையும் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"அப்டியா?" என்றார். துணியை இழுத்து அடுத்த ஆணியை அடித்தார்.

"நான் என்ன சொல்லணும் பாய்?"

"அதையும் நான் சொல்லி, நீங்க தமிழ்ல சொல்றதா? நீங்களே பேசுங்க சார். எங்க சொன்னீங்களோ அங்க."

டீ வாங்கிக் கொடுத்தார். சர்க்கரை போடாமல், ஞாபகமாக.

ஜூலை 11, வெள்ளி

ஆயரைப் பார்த்தேன். கமிட்டி செயலாளரும் இருந்தார். "ஆறிப்போனதக் கிளறாதீங்க பிரதர். தேர்தல் நேரம்." ஆயர் யோசித்து, அறிவிப்புகளுக்குப் பிறகு ஒரு நிமிஷம் தருகிறேன் என்றார். நல்ல மனுஷர்.

எழுதிப் பார்த்தேன். கிழித்தேன். மூன்று தரம்.

ஜூலை 13, ஞாயிறு

மழை விட்டுவிட்டது. பாய் வரவில்லை.

மைக் முன்னால் தனியாக நின்றேன். பக்கத்தில் ஆள் இல்லாமல் அங்கே நின்றதே இல்லை. அடுத்தவர் முடிக்கட்டும் என்று வாய் காத்துக்கொண்டிருந்தது.

சொன்னேன்: போன வாரம் நீங்கள் சிரித்த வரியைச் சொன்னவர் பிரசங்கியார், சிரிக்க வைத்தவன் நான். என்னைக் காப்பாற்றியவரை நன்றி சொல்லக் கூப்பிட்டு, அவர் முன்னாலேயே அதைச் சொன்னேன். நன்றிச் சீட்டில் அவர் பெயரையும் எழுதவில்லை. அவர் பெயர் ரபீக். நான் உயிரோடு நிற்பது அவரால். அவர் மார்க்கத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, அவரைப் பற்றித் தெரியும்.

யாரும் ஆமென் சொல்லவில்லை. ஒரு அம்மாள் மட்டும் மூக்கைச் சிந்தினார். வெளியே வரும்போது செயலாளர்: "அடுத்த மாசத்துலேர்ந்து மொழிபெயர்ப்புக்கு வேற ஆள் பாத்திருக்கோம் பிரதர்." வலித்தது. இருபத்திரண்டு வருஷம்.

வீட்டு வாசலில் பாய். கையில் போன்.

"ஒரு நிமிஷம்னு சொன்னாங்க, நாலு நிமிஷம் பேசுறீங்க!"

நேரலை பார்த்திருக்கிறார். வேலை போனதைச் சொன்னேன்.

"அப்போ சும்மாதானே இருக்கீங்க? வியாழக்கிழமை பொண்ணுக்குச் சம்பந்தம் பேச வர்றாங்க. அவங்க திண்டுக்கல் பக்கம், உருது ஒரு வார்த்தை வராது. என் வீட்டுக்காரி ஷமீமுக்குத் தமிழ் வராது. நான் நடுவுல நின்னா ரெண்டு பக்கமும் நம்ப மாட்டாங்க."

"என்னை நம்புவாங்களா பாய்?"

"நீங்கதான் வேணும்னு கேட்டா ஷமீம்."