அசனத்துக்குக் காய் நறுக்கிய அன்று

கர்த்தருக்குள் பிரியமான மகள் ஆஸ்லினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் தம்பியும் சுகம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் சுகமாயிருக்கத்தான் தினமும் முழங்காலில் நிற்கிறேன். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே இருப்பார், அதனால்தான் கடிதம். புதூர்ப் பக்கம் மழை ஏமாற்றிவிட்டது, கரிசல் வெடித்துக் கிடக்கிறது, விதைத்த உளுந்து பாதி முளைக்கவில்லை. தம்பி சாம்ராஜுக்குப் பெண் பேசி முடித்தாயிற்று. பெண்ணின் அப்பா நம் சபைக் கமிட்டியில் பெரிய தலை, அவர் முன்னால் உன் அப்பா வாயே திறப்பதில்லை.

உன் ஆஸ்பத்திரியில் நீ மருந்து கொடுக்கப் போன அந்த வெள்ளைக்கார அம்மாள், கறுத்த கை என் மேல் படக்கூடாது என்று உன்னை விரட்டியதைப் பெண்கள் ஐக்கிய சங்க ஜெபத்தில் சொன்னேன். எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். கீழத்தெரு நேசம்மாள்தான் தேம்பித் தேம்பி அழுதாள், உனக்காக வெள்ளிக்கிழமைதோறும் உபவாசமும் இருக்கிறாள். நாளைக்கு ஆலயத்தில் அசன விருந்து. சபையார் எல்லாரும் ஒரே பந்தியில்தான் சாப்பிடுவோம், ஆனால் கீழத்தெருக்காரர்கள் காய் நறுக்குவதும் பரிமாறுவதும் வழக்கமில்லை, உனக்குத் தெரியும். இன்று காலை ஆலய முற்றத்தில் நாங்கள் காய் நறுக்கும்போது நேசம்மாள் தன் அரிவாள்மணையோடு வந்து, ஆஸ்லின் பாப்பாவுக்காக நேந்துக்கிட்டேன்மா, நானும் நறுக்குதேன், நாளைக்குப் பரிமாறவும் வாரேன் என்று என் எதிரில் உட்கார்ந்துவிட்டாள். அரிசி களையணும், தண்ணி பிடிக்கணும் என்று ஒவ்வொருத்தியாக எழுந்து போய்விட்டார்கள். அவளும் நானும் ஒரு கூடைக் கத்திரிக்காயும்தான் மிச்சம். ஆலய வாசலில் நின்று அப்பா, எழுந்து வா என்று கண்ணைக் காட்டுகிறார். எனக்கு எழவும் முடியவில்லை, நறுக்கவும் முடியவில்லை. அங்கே உன் நிறத்தைப் பார்த்தார்கள், இங்கே நாங்கள் இவள் சாதியைப் பார்க்கிறோம், வேறென்ன வித்தியாசம்? வீட்டுக்கு வந்ததும் அப்பா, சம்பந்தக்காரவிய பார்த்துக்கிட்டுல்லா இருக்காவ, பரிமாற வராண்டாம்னு அவகிட்ட நீயே சொல்லிரு, உன் பேச்சுதான் கேப்பா என்றார். நான் சொல்லாவிட்டால் கல்யாணம் நின்றுபோகும், தம்பி முகத்தில் எப்படி விழிப்பேன்? சொல்லிவிட்டாலோ உன் முகத்தில் விழிக்க முடியாது.

மத்தியானம் முழுக்க செருப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தேன். சாயங்காலம் நேசம்மாளே வந்தாள். வீட்டுக்குள் வா என்றேன், படி ஏறவில்லை. நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம்மா, எனக்குத் தெரியும், நாளைக்கு நான் வரல, தம்பி கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும் என்றாள். நான் சரி என்றேன். அவள் போனதும் எனக்கு நிம்மதியாக இருந்தது மகளே, அந்த நிம்மதியைத்தான் தாங்க முடியவில்லை.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. குளிருக்குக் காதை மூடிக்கொள், வேளைக்குச் சாப்பிடு. இந்தக் கடிதம் கிடைக்கும் முன்பே தம்பி அசனப் படங்களை உனக்கு அனுப்பியிருப்பான். அதில் நான் சிரித்துக்கொண்டே சோறு பரிமாறுவேன். அதை நம்பாதே.

உன் அம்மா,
ஜெபக்கனி