விழாத தோடு

மே 9, வெள்ளி.

எல்லையில் சண்டை என்று அண்ணனின் லீவை ரத்து செய்து, பட்டாளத்துக்கு உடனே வரச் சொல்லிவிட்டார்கள். நிச்சயம் முடிந்து பத்து நாள்தான் ஆகிறது. ரயிலேறும் முன் மதினியோடு சேர்ந்து ஆசி வாங்க வேண்டுமென்று, வில்லாபுரத்தில் அவளுடைய அப்பா முன்னால் போய் நின்றான். நானும் கூடப் போனேன்.

"தாலி ஏறாம சோடியா கால்ல விழக் கூடாது மாப்ள. போயிட்டு வந்து விழுங்க," என்றார் மாமா.

வராவிட்டால் என்று யாரும் கேட்கவில்லை. மதினி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

என் வாய் சும்மா இருக்குமா? "ஐயோ மதினி, ஒங்க தோடு விழுந்திருச்சு! மாமா காலுக்கிட்டதான் உருண்டுச்சு!" என்று கத்தினேன்.

அண்ணனும் மதினியும் பதறி மண்டியிட்டுத் தேடினார்கள். காதைத் தொட்டுப் பார்த்த மதினி எழுந்திருக்கவில்லை.

மாமாவும் அவள் காதைப் பார்த்தார். இரண்டு தோடும் அங்கேயே இருந்தன. என்னை முறைத்தார். செத்தோம் என்று நினைத்தேன்.

இரண்டு தலையிலும் கை வைத்தார். "மெதுவாத் தேடுங்க," என்றார்.

நாளுக்கு நூறு தடவை 'போர் அடிக்குது' என்கிறவள் நான். ரயில் போன பிறகு அந்த வார்த்தை வாயில் வரவேயில்லை.