நாலாவது குரல்

அன்புள்ள அண்ணே,

உயிரோடு இருந்தபோது என் பேச்சைப் பாதியில் வெட்டிவிட்டுப் படகுக்கு ஓடிவிடுவீர்கள். இப்போதாவது கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்கள்.

சங்கம் நன்றாக நடக்கிறது. நீங்கள் போனதும் உடைந்துவிடும் என்று சொன்னவர்கள்தான் இன்று கூட்டத்தில் முன்வரிசை நாற்காலி பிடிக்கிறார்கள். மஸ்கெலியா, லிந்துலை, கொத்மலை என்று மூன்று படகுக் கழகங்களும் முறைத்துக்கொண்டு கிடந்த காலம் நினைவிருக்கிறதா? "ஒங்களுது தேங்குன தண்ணி, எங்களுதுதான் ஓடுற ஆறு" என்று லிந்துலைக்காரர்கள் மஸ்கெலியாக்காரர்களைச் சீண்டுவார்கள். கொத்மலைக்காரர்கள் இருவரோடும் பேச மாட்டார்கள். தோட்டத்துக் குடியிருப்புகளில் லயம் லயமாக ஏறி இறங்கி அவர்களை ஒரே சங்கமாக்கினீர்கள். மூன்று கழகத்துக்கும் பொதுவாக நீங்கள் வைத்த ஒரே விதி, எண்ணுவது.

வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். நம் பனியில் முன்னால் இருப்பவரின் முதுகுகூடத் தெரியாது. விசில் அடித்தால் மலையில் மோதி எல்லாப் பக்கமும் கேட்கும். திரும்பிப் பார்த்தால் படகு சாயும். அதனால் நாலு பேர் படகில் முன்னால் இருப்பவர் "ஒன்னு" என்பார், பின்னால் இருப்பவர்கள் வரிசையாகத் தங்கள் எண்ணைச் சொல்வார்கள். "நாலு" கேட்டால் எல்லோரும் இருக்கிறார்கள், துடுப்பைப் போடலாம்.

நீங்கள் போன அன்று குமார் முன்னால், நீங்கள் கடைசியில். கரைக்குப் பக்கத்தில் வந்து எண்ணியபோதும் வழக்கம்போல் இருமிவிட்டு, இழுத்து, "நாலு" என்றீர்களாம். கரையேறித் திரும்பினால் உங்கள் இடம் காலி. மறுநாள் நீர்த்தேக்கத்தின் நடுவில், மூழ்கிய பழைய கோயிலுக்கு மேலேதான் உங்களைக் கண்டெடுத்தார்கள். நெஞ்சு அடைத்துச் சத்தமில்லாமல் சாய்ந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். நடுவில் இருந்த இருவர் சொன்னதையும் நம்பாமல், குமார் எண்ணவே இல்லை, பொய் சொல்கிறான் என்று ஊர் பேசியது. உங்கள் உயிர்க் கூட்டாளி அண்ணே! அதற்குப் பிறகு அவன் கடைத்தெருப் பக்கமே வரவில்லை.

அதிகம் பேசியவர் நம் தலைவர், துணிக்கடை பாரூக் நானா. "அவன சங்கத்துல இருந்து எடுத்துருவோம்" என்று கூட்டத்திலேயே சொன்னார். எனக்கு வந்ததே கோபம். "எடுங்க நானா. அதுக்கு முன்னால ஒரு தடவ எங்களோட படகுல வாங்க" என்றேன்.

பனி இறங்கிய காலையில் மூன்று பேரும் போனோம். குமார், நான், எனக்குப் பின்னால் நானா. அவருக்குப் பின்னால் உங்கள் இடத்தில் யாரும் இல்லை. கோயில் இருந்த இடத்தைத் தாண்டியதும் குமார் "ஒன்னு" என்றான். நான் "ரெண்டு." நானா "மூணு."

பின்னால் ஒரு இருமல். பிறகு, "நாலு."

நானாவின் கையிலிருந்து துடுப்பு நழுவித் தண்ணீரில் விழுந்தது. ஒருவரும் திரும்பவில்லை. கரையேறியதும் அவர் குமாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் பேசுனது தப்பு தம்பி, மன்னிச்சிரு" என்றார். குமார் தேம்பித் தேம்பி அழுதான். எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம்தான் வந்தது. எவ்வளவு நாளாயிற்று, உங்கள் குரலைக் கேட்டு! பிறகு மற்றவர்களும் கேட்டார்கள். நீங்கள் துணைக்கு இருக்கிறீர்கள் என்று எல்லோருக்கும் ஒரு தைரியம் வந்துவிட்டது.

போன வாரம் லிந்துலைப் பெண்கள் அணி வந்தது. கடைசி இடத்தில் செல்வி, தேயிலைக் கொழுந்து எடுக்கிற பிள்ளை. பனிக்குள் அவள் தவறி விழுந்ததை யாரும் கவனிக்கவில்லை. எண்ணினார்கள், "நாலு" வந்தது. நம் எல்லோருக்கும் பழகிப்போன குரல்தானே, சந்தேகப்படாமல் துடுப்பைப் போட்டுப் போய்விட்டார்கள். மிதப்புச் சட்டை போட்டிருந்ததால் பிழைத்தாள். அடுத்த படகில் வந்த குமார்தான் அவளைத் தூக்கினான்.

"வாயெல்லாம் தண்ணி, கத்த முடியல அக்கா" என்றாள் நடுங்கிக்கொண்டே. "எனக்குப் பக்கத்துலயே யாரோ என் நம்பர சொன்னாங்க."

அண்ணே, ஏன் சொல்கிறீர்கள்? யாரும் குறைந்துவிடக் கூடாது என்ற ஆசையிலா? இல்லை, நீங்கள் விழுந்தது உங்களுக்கே இன்னும் தெரியாதா?

தெரியாதென்றால் நான் சொல்கிறேன். நீங்கள் இறந்துவிட்டீர்கள், அண்ணே. உங்களுக்குக் கொள்ளி வைத்தோம். வருஷத் திதியும் கொடுத்தாயிற்று.

செல்வியின் அணி நாளைக்கு மறுபடியும் தண்ணீரில் இறங்குகிறது. கடைசி இடத்தில் நான் உட்காரப் போகிறேன். இனி அது என் இடம், யாருக்கும் கொடுக்க மாட்டேன், இது சத்தியம். ஒரே ஒரு உதவி செய்யுங்கள். என் முறை வரும்போது நான் பேசவில்லையென்றால், நீங்களும் பேசாதீர்கள். அந்த அமைதியைக் கேட்டால்தான் அவர்கள் என்னைத் தேடித் திரும்பி வருவார்கள்.

உங்கள் தங்கச்சி,
மல்லிகா