பஸ் எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

ஜூன் 3, செவ்வாய்

காலையில் கணினியைத் திறந்தால் நானூற்றுப் பதினெட்டு கோரிக்கைகள். பார்வையற்றவர்கள் கேட்கும் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்பும் சின்ன இடம் எங்களுடையது. மாதத்துக்கு முப்பது பேர் கேட்டாலே பெரிய விஷயம். அத்தனையும் ஏதோ எந்திரம் எங்கள் படிவத்தை நிரப்பிக் கொட்டிய குப்பை. வழுக்கைக்கு மருந்து, சூதாட்டம், தலையும் வாலும் இல்லாத எழுத்துகள். கைவிட்டுத் துழாவியதில் நிஜ மனிதர்கள் இரண்டே பேர். இந்த இடத்தை நடத்தும் மேடம் எட்டிப் பார்த்து, வெப்சைட் உன் பொறுப்புதானே என்றார். ஆமாம். பதிவு, எடிட்டிங், வெப்சைட் எல்லாம் நான்தான்.

ஜூன் 5

படிவத்தில் படப்புதிர் வைத்துவிட்டேன். ஒன்பது கட்டம். பஸ் இருக்கும் கட்டங்களைத் தொட்டால்தான் கோரிக்கை போகும்.

ஜூன் 6

குப்பை ஒன்றுகூட இல்லை. எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

ஜூன் 13

நிம்மதியான வாரம். கோரிக்கையே வரவில்லை. விடுமுறை போல.

ஜூன் 16, திங்கள்

விடுமுறையாம் விடுமுறை!

போனில் ஒரு பெண். சட்டம் படிக்கிறாள், பிறவியிலேயே பார்வை இல்லை. ஜூலை ஏழாம் தேதி பரீட்சை. சாட்சியச் சட்டப் புத்தகம் வேண்டுமென்று பத்து நாளாக எங்கள் படிவத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறாள்.

"அக்கா, பஸ் எந்தக் கட்டத்துல இருக்குன்னு உங்க ஃபார்ம் என்னைக் கேக்குது. அது தெரிஞ்சா புத்தகத்தை நானே படிச்சிருக்க மாட்டேனா?"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பார்வை இல்லாதவங்க வர்ற வாசல்ல கண் பரீட்சை வெச்சிருக்கேனே — எனக்கு மூளை இருக்கா? எத்தனை பேர் முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்களோ.

புதிரை உடனே தூக்கினேன். மேடத்திடம் போய் ஒப்புக்கொண்டேன். திட்டு விழும் என்று நின்றால், "முதல்ல அந்தப் பொண்ணோட புத்தகம்" என்றார். அறுநூற்று நாற்பது பக்கம்.

ஜூன் 17

பழைய நேயர்களுக்கெல்லாம் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். ஒரு பெரியவர், பஸ் ஹாரன் அடித்திருந்தால் கண்டுபிடித்திருப்பேனே என்றார்.

ஜூன் 18

புது உத்தி. படிவத்தில் கண்ணுக்குத் தெரியாத கட்டம் ஒன்றை ஒளித்து வைத்தேன். எந்திரம் கண்டதையும் நிரப்பும். அந்தக் கட்டத்தை நிரப்பியது எதுவானாலும் வெளியே. இம்முறை வக்கீலம்மாவிடமே — அவளை அப்படித்தான் கூப்பிடுகிறேன் — சோதித்துப் பார்க்கச் சொன்னேன்.

அவளே எந்திரம் என்று வந்தது.

கண்ணுக்குத்தானே மறைத்தேன்? திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் அவளுடைய மென்பொருள் அந்தக் கட்டத்தையும் வாசித்திருக்கிறது. அவளும் பொறுப்பாகத் தன் பெயரை அதில் நிரப்பியிருக்கிறாள். போனில் நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில், உள்ளே அவள் புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்த ரேடியோக்காரர் — செய்தி வாசித்து ஓய்வு பெற்றவர் — பதிவை நிறுத்திவிட்டு வெளியே வந்துவிட்டார். என்ன விஷயம் என்று கேட்டு அவரும் சிரித்தார்.

ஜூன் 19

இப்போது காதுக்கும் மறைத்தாயிற்று. கூடவே, மூன்று நொடிக்குள் நிரம்பி வரும் படிவம் செல்லாது. எந்த மனுஷனுக்கும் அவ்வளவு வேகம் கிடையாது. வக்கீலம்மா ஐம்பது நொடியில் நிரப்பினாள். போய்ச் சேர்ந்தது.

ஜூன் 27

நானூறு பக்கம் தாண்டியாயிற்று. ரேடியோக்காரருக்குத் தொண்டை கட்டிவிட்டது. மேடமே மைக் முன்னால் உட்கார்ந்தார். குறுக்கு விசாரணைப் பகுதியை அவர் வாசித்தபோது, செய்யாத குற்றத்தையெல்லாம் ஒப்புக்கொள்ளலாம் போலிருந்தது.

ஜூலை 1

கடைசி அத்தியாயமும் அனுப்பியாயிற்று. ஆறு நாள் போதுமா அவளுக்கு?

ஜூலை 9, புதன்

கோரிக்கைகள் ஏழு. ஏழும் மனிதர்கள். ஐந்தாவது அவளுடையது:

"பரீட்சை நல்லா எழுதினேன் அக்கா. கொஞ்ச நாளைக்குச் சட்டம் வேண்டாம். நல்ல கொலைக் கதை ஒண்ணு வாசிச்சு அனுப்புங்க. யார் கொன்னாங்கன்னு மட்டும் முன்னாடியே சொல்லிடாதீங்க."

ரேடியோக்காரர் அலமாரியில் தேடி முன்னூறு பக்கத்தில் ஒன்றை எடுத்தார். இப்போதுதான் பதிவறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.