எல்லோரும் திரும்பப் பார்த்த ஏழாவது நிமிடம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எங்கள் மருந்து நிறுவனம் டாக்டர்களுக்காக இணையத்தில் வெளியிடும் பாடங்களை யார், எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று அலசுவதுதான் என் வேலை. புதுப் பாடத்தில் ஏழாவது நிமிடத்தை மட்டும் எல்லோரும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். வரைபடத்தில் அந்த இடம் மலையாக நிற்கிறது. "டாக்டர்களை அப்படியே கட்டிப்போட்டிருக்கு சார்" என்று கூட்டத்தில் அடித்துவிட்டேன். பாடம் எடுத்ததே எங்கள் மருத்துவப் பிரிவுத் தலைவர்தான். மனிதருக்கு வாயெல்லாம் பல். அடுத்த பத்துப் பாடங்களும் இதே வேகத்தில்தானாம். திங்கட்கிழமை படப்பிடிப்பு.

மார்ச் 5

லிஃப்ட்டில் முன்பின் தெரியாதவரிடம்கூட ஏழாவது நிமிடத்தைப் பற்றிச் சொல்கிறார் தலைவர்.

மார்ச் 6, வியாழன்

அக்கா டாக்டர். அந்தப் பாடத்தைப் பார்த்தவள். கொஞ்சம் பீற்றிக்கொள்ளலாமென்று போன் செய்தேன்.

"ஏழாவது நிமிஷமா? நாலு தடவை பார்த்தேன்டி."

"அவ்வளவு பிடிச்சிருந்ததாக்கா?"

"பிடிச்சுதாவா! கிட்னி சரியில்லாதவங்களுக்கு மருந்தை எவ்வளவு குறைக்கணும்னு ஒரு அட்டவணை வருது. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடுது. எழுத்து எறும்பு மாதிரி. வெளியில பேஷண்ட்டுங்க காத்திட்டிருக்காங்க, போதும்டா சாமின்னு விட்டுட்டேன்."

ஆர்வமாம், ஆர்வம்! அத்தனையும் புரியாமல் பட்ட அவஸ்தை. இந்த லட்சணத்தில் இன்னும் பத்துப் பாடமா? யாரோ ஒருவர் முழு அளவையும் விழுங்கித் தொலைத்தால்? ஆனால் — கட்டிப்போட்டிருக்கு என்று சொன்னவள் நான்தானே. இப்போது எந்த முகத்தோடு போய் நிற்பேன்?

மார்ச் 7

சொல்லவில்லை. படப்பிடிப்புக்காகத் தலைவர் புது நீலச் சட்டை வாங்கியிருக்கிறார். நன்றாக வேறு இருக்கிறது.

மார்ச் 10, திங்கள்

கேமராவெல்லாம் வைத்தாகிவிட்டது. குறுக்கே போய் நின்றேன். "சார், நான் தப்பா சொல்லிட்டேன். அவங்க ரசிச்சுப் பார்க்கல. புரியாமப் பார்த்திருக்காங்க."

தலைவர் என் கணினி முன் உட்கார்ந்தார். தன் பாடத்தைத் தானே ஓட்டினார். ஏழாவது நிமிடம். பின்னால் நகர்த்தினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை நகர்த்தினார்.

"என்னாலயே படிக்க முடியலையேம்மா" என்றார். "கேமராவை நிறுத்தச் சொல்லு."

சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 2, புதன்

அட்டவணை இப்போது பெரிய எழுத்தில் முழுதாக ஒரு நிமிடம் நிற்கிறது. கூட்டத்தில் புது வரைபடத்தைக் காட்டினேன். ஏழாவது நிமிடம் சப்பையாகக் கிடந்தது.

"என்னம்மா, இப்படி விழுந்துடுச்சு?" என்றார் விற்பனைப் பிரிவுக்காரர்.

தலைவர் முந்திக்கொண்டார்: "ஒரே தடவையில புரிஞ்சா எதுக்குங்க திரும்பப் பார்க்கணும்?"

மதியம் அக்கா கூப்பிட்டாள். "இன்னிக்கு கிட்னி சரியில்லாத ஒரு பெரியவருக்கு உங்க மருந்தைப் பாதியாக் குறைச்சு எழுதினேன்டி. போன மாசம் வந்திருந்தார்னா முழுசாத்தான் எழுதியிருப்பேன்."

போனை வைத்த பிறகு வெகுநேரம் எனக்கு வேலையே ஓடவில்லை.